கவரைப் பிரித்த பிறகு நிபந்தனையா?



நம்ம வாய்க்கால் தூர்வாரும் டெண்டரில் குறைந்த தொகை கேட்டவரைத் தள்ளிவிட்டு, கூடுதல் தொகை கேட்டவருக்கு வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "அவருக்குச் சொந்த பொக்லைன் இல்லை" என்கிறார்கள். அந்த நிபந்தனை டெண்டர் நோட்டீசில் எந்தப் பக்கத்தில் இருக்கு? ஒரு பக்கத்திலும் இல்லை! ஓட்டப்பந்தயம் முடிஞ்ச பிறகு கோட்டை மாத்திப் போடுறதுக்குப் பேர் மதிப்பீடா?

டெண்டர் ஆவணத்தில் சொன்ன அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்கிறது 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம். மேல்முறையீட்டுக்கு 10 நாள் உண்டு. ஆனால் அந்த உரிமை டெண்டர் போட்டவருக்கு மட்டும்தான். வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் காயப்போவது யார் வயல்? காண்ட்ராக்டர் வயலா?

2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி மனு கொடுத்தாச்சு. பதில் சொல்ல அவங்களுக்கு 30 நாள் இருக்கு. நாத்துக்கு அத்தனை நாள் கிடையாது. மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12!

அரசே!
* மதிப்பீட்டுத் தாளை ஊராட்சிப் பலகையில் ஒட்டு!
* வேலை உத்தரவை நிறுத்து! நோட்டீசில் உள்ளபடி மறுமதிப்பீடு செய்!
* தூர்வாரிய ஆழத்தை விவசாயிகள் முன்னிலையில் அளந்து பில் போடு!

திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸ் முன்பு திரளுவோம்! கடைமடைக்காரர் ஒருவர்கூட வீட்டில் இருக்க வேண்டாம்!

இவண்,
சங்கச் செயலாளர்