ஸ்டியரிங் பிடித்தவருக்குத் தலை சுற்றாது!

கொல்லிமலைக்குக் காரில் போயிருக்கிறீர்களா? காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறுவதற்குள் பின் சீட்டில் ஒருவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் பாலிதீன் கவரைத் தேடுவார். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? காரை ஓட்டுகிறவருக்கு மட்டும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை!

காரணம் சாதாரணமானதுதான். நம் உடம்பு ஆடுகிறதா, திரும்புகிறதா என்பதை உள்காது மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு, ‘எதுவும் அசையவில்லையே’ என்கிறது. இரண்டும் இரண்டு விதமாகச் சொன்னால் மூளை குழம்பிப் போகிறது. குமட்டல், வாந்தி, தலைசுற்றல் எல்லாம் அதனால்தான். ஓட்டுகிறவருக்கு அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று முன்பே தெரியும். அவர் உடம்பும் அதற்குத் தயாராகிவிடுகிறது.

குடும்பத்தோடு வெளியூரில் தங்கும் விஷயத்திலும் இதே கதைதான் என்பது என் கட்சி. திட்டம் போட்டவர் ஜாலியாக இருப்பார். கூட வருகிறவருக்குத்தான் வயிற்றைப் புரட்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயிற்று.

‘தண்ணி மேல எப்படிங்க தூங்கறது?’

எங்கள் 25-வது கல்யாண நாளுக்கு ஆலப்புழை படகு வீட்டில் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மனைவியிடம் சொன்னேன். “தண்ணி மேல படுத்து எப்படிங்க தூங்கறது? எனக்கு வேணாம் சாமி. வேணும்னா நீங்க உங்க ஃபிரண்ட்ஸோட போயிட்டு வாங்க” என்றாள்.

வழக்கம்போல எனக்குச் சுர்ரென்று வந்தது. “ஊர் உலகத்துல எல்லாரும் போகலையா?” என்று ஆரம்பித்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “கொல்லிமலையில என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா?”

மறந்துதான் போயிருந்தேன்! அதற்குப் பல வருடங்களுக்கு முன்பு, ‘சர்ப்ரைஸ்’ என்ற பெயரில் அவளைக் கொல்லிமலைக்குக் கூட்டிப் போயிருந்தேன். இருபதாவது வளைவிலேயே வாந்தி. நான் பிடித்திருந்த அறையில் பாத்ரூம் வெளியே, வராந்தாவின் கடைசியில் இருந்தது. அங்கே விளக்கும் இல்லை. நான் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினேன். அவள் விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாத்ரூம் போகப் பயந்து சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு, காய்ச்சல், டாக்டர், மருந்து. எனக்கு அது ‘நல்ல டிரிப்’. அவளுக்கு அது தண்டனை.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக, “சரி, என்னென்ன பயம், சொல்லு” என்று கேட்டேன். கடகடவென்று சொன்னாள். ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டும், பாத்ரூம் எப்படி இருக்கும்? படகு ஆடினால் வாந்தி வருமா? கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? நீச்சல் தெரியாதே! நடுராத்திரியில் உடம்புக்கு முடியவில்லை என்றால் எந்த ஆஸ்பத்திரி?

நீங்களே சொல்லுங்கள், இதில் எது பிடிவாதம்? ஐந்தும் நியாயமான கேள்விகள். நான் கேட்டிருக்க வேண்டியவை.

பயம் வெறும் கற்பனை இல்லை

‘தண்ணியைக் கண்டா பயம்’ என்று கேலி செய்கிறோம். 2009 செப்டம்பரில் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேர். இந்தச் செய்திகளை அவர்களும்தானே படிக்கிறார்கள்? இதற்குப் பதில் கேலி இல்லை. ‘லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கு? லைசென்ஸ் இருக்கா? எத்தனை பேரை ஏத்துவீங்க?’ என்று அவர் காது கேட்கவே படகுக்காரரிடம் விசாரிப்பதுதான் பதில். இன்னொரு விஷயம் தெரிந்தாலே பாதிப் பயம் போகும். ஆலப்புழையில் படகு வீடுகளைச் சாயங்காலமே கரையோரம் கட்டிவிடுவார்கள். ராத்திரி முழுக்க மிதந்துகொண்டே போவதில்லை.

தூக்கம் வராததும் நடிப்பு இல்லை. 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சுவையான ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். புது இடத்தில் முதல் நாள் ராத்திரி, மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லையாம். சின்னச் சத்தத்துக்கும் சட்டென்று விழித்துக்கொள்கிறதாம். டால்பின்கள் பாதி மூளையை விழிப்பில் வைத்துக்கொண்டு தூங்குமே, அது போல ஒரு காவல்! பழகிய பிறகு இந்த வித்தியாசம் போய்விடுகிறது. ஆகவே முதல் ராத்திரியை வைத்து, ‘உனக்கு எங்க போனாலும் இதே ரோதனை’ என்று தீர்ப்பு எழுதாதீர்கள். முடிந்தால் இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரி திட்டம் போடுங்கள்.

ஆட்டமும் எப்போதும் எதிரி இல்லை. மெல்ல ஆடும் கட்டிலில் படுத்தவர்கள் பகல் தூக்கத்தில் சீக்கிரம் கண்ணயர்ந்ததை 2011-ல் ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் சோதித்துக் காட்டினார்கள். சேலையில் தூளி கட்டி நம்மைத் தூங்க வைத்த பாட்டிகளுக்கு இது எப்போதோ தெரியும்!

மறுபடியும் கொல்லிமலை

ஆலப்புழையை ஓரமாக வைத்துவிட்டு, “மறுபடி ஒரு தடவை கொல்லிமலைக்குப் போலாமா? இந்தத் தடவை எல்லாம் நீ சொல்றபடி” என்றேன். இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தாள்.

அறைக்கு அவளே போன் செய்தாள். முதல் கேள்வியே, “பாத்ரூம் ரூமுக்குள்ளயே இருக்கா?” காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பவில்லை. இரண்டு இட்லி. (‘சாப்பிடாமல் போனால் வாந்தி வராது’ என்பது தப்புக் கணக்கு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்தும் கூட.) முன் சீட்டில் உட்கார்ந்தாள். செல்போனைப் பார்க்காமல் தூரத்து ரோட்டையே பார்த்தாள். வளைவு போர்டு ஒவ்வொன்றையும் அவள்தான் படித்துச் சொன்னாள். “அடுத்த அகலமான இடத்துல நிறுத்துங்க” என்றால் நிறுத்தினேன், ஏன் என்று கேட்காமல். மூன்று தடவை நிறுத்தினோம். வாந்தி வரவே இல்லை!

வாந்தி மாத்திரை தேவைப்படுகிறவர்கள் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி எடுத்த பிறகு போட்டு அதிகம் பிரயோசனமில்லை. அது தூக்கம் வரவழைக்கும், ஆகவே வண்டி ஓட்டுபவர் சாப்பிடக் கூடாது. கண் அழுத்த நோய், ப்ராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

அறைக்குப் போனதும் வெளிச்சம் இருக்கும்போதே கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு தடவை நடந்து பார்த்தாள். தலைமாட்டில் டார்ச், வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணை உறை, பழைய போர்வை. மலைக் குளிருக்கு ஸ்வெட்டர். அன்றைக்கே ஆகாய கங்கையைப் பார்க்க ஆயிரத்துச் சொச்சம் படிகள் இறங்க வேண்டும் என்று நான் அடம் பிடிக்கவில்லை. அறப்பளீஸ்வரர் கோயிலோடு நிறுத்திக்கொண்டோம். முதல் ராத்திரி அரைகுறைத் தூக்கம்தான். இரண்டாவது ராத்திரி ஐந்து மணி நேரம் அசந்து தூங்கினாள்.

மறுநாள் வாசலூர்ப்பட்டி ஏரிக்குப் போனோம். அங்கே படகுத்துறை உண்டு. (தண்ணீர் இருக்கிறதா, படகு ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.) லைஃப் ஜாக்கெட் பட்டையை அவளே இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினாள். அரை மணி நேரம். இறங்கும்போது, “பரவால்லைங்க” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை வருடம் தாமதம்!

கொஞ்சம் கண்டிப்பாக...

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. படகிலோ மலையிலோ தங்கும்போது பாட்டிலைத் திறக்காதீர்கள். சுற்றிலும் தண்ணீர், அவருக்கு நீச்சல் தெரியாது, துணை என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். அந்தத் துணையும் தள்ளாடினால் அவருக்கு எப்படித் தூக்கம் வரும்? அதே போல, தூக்கம் வர வேண்டும் என்று டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். அரைத் தூக்கத்தில் எழுந்து படகில் நடப்பது விழுவதற்கு வழி.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். நீர்க்கடுப்பு வரும். வேண்டுமானால் ராத்திரி காபி, டீயை நிறுத்துங்கள். ‘ஒண்ணுமில்ல, எனக்குப் பிடிக்கல’ என்று மூடி மறைக்காமல், எது பயம் என்று உடைத்துச் சொல்லுங்கள். பயப்படுவது கணவராக இருந்தாலும் இதே வழிதான். பல ஆம்பளைகள் பயத்தை ‘வேலை இருக்கு’ என்ற பெயரில் மறைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவே.

கடைசியாக ஒன்று. ‘இவ்வளவும் செய்தால் சம்மதிச்சுடுவாங்க இல்ல?’ என்று கேட்கிறீர்களா? அந்தக் கேள்வியே தப்பு. ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை கடைசி வரை அவரிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் செய்வது உபசாரம் இல்லை, வலை விரிப்பு. வெளியே வர வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் மனசு உள்ளே போகத் துணியும்.

நாங்கள் பிறகு ஆலப்புழைக்குப் போனோம். “பகல்ல படகுல போலாம், ராத்திரிக்குக் கரையில ரூம் பாருங்க” என்றாள். அப்படியே செய்தோம். இன்றுவரை படகில் படுத்துத் தூங்கியதில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், பொய் சொல்வானேன்? ஆனால் எங்கள் கல்யாண வாழ்க்கையில் இரண்டு பேருமே நன்றாகத் தூங்கிய முதல் வெளியூர்ப் பயணம் அதுதான்.

அடுத்த முறை டிக்கெட் எடுப்பதற்கு முன், உங்கள் வீட்டில் ஒரு தடவை ஸ்டியரிங்கைக் கை மாற்றிப் பாருங்களேன்!