கணினியிலும் தமிழை நிறுவுவோம்!

கணினிக்குத் தமிழ் விளங்காது என்னும் பேச்சு இன்னும் நம்மிடை ஒழிந்தபாடில்லை. ஆங்கிலம் அறியாதவன் அதன் அருகே செல்லவும் தகுதியற்றவன் என்று, படித்தவர்களே சொல்லித் திரிகின்றனர். இவ்விழிந்த எண்ணத்தைத் தகர்க்கும் வேலையை ஒரு தமிழர் 2007-ஆம் ஆண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டார். பொறியாளர் முத்தையா அண்ணாமலை உருவாக்கி, 2009-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் உலகுக்கு அறிவித்த தமிழ் நிரல்மொழிக்கு 'எழில்' என்று பெயர். அதன் அடிப்படைக் கட்டளைச் சொற்கள் தமிழ்ச் சொற்களே. அதனைப் பெற ஒரு காசும் தர வேண்டுவதில்லை. ஆயினும் நம் பள்ளிகளில், நம் படிப்பகங்களில், ஏன், தமிழ்ப்பற்றாளர் என்று நெஞ்சுயர்த்தும் நம் இல்லங்களில் எத்தனை கணினிகளில் அது நிறுவப்பட்டுள்ளது? எண்ணிப் பார்த்தால் தலை குனியத்தான் வேண்டும்!

இதனால் இழப்பு யாருக்கு? கல்லணைக் கால்வாயாகிய புது ஆற்றின் நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஒரத்தநாட்டுப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். அங்குத் தமிழ்வழியில் மேல்நிலைக் கல்வி பயிலும் உழவர் வீட்டுப் பிள்ளைகளின் நிலை என்ன? பன்னிரண்டாம் வகுப்பின் கணினி அறிவியல் பாடநூல் 2019 முதல் 'பைத்தான்' என்னும் நிரல்மொழியைக் கற்பிக்கின்றது. விளக்கம் தமிழில் உள்ளது. கணினிக்கு இடும் கட்டளையோ ஆங்கிலத்தில் உள்ளது. அம்மொழிக்கென ஒதுக்கிவைத்த 35 சொற்களுள் ஒன்றும் தமிழன்று. 2008-இல் வெளிவந்த பைத்தானின் மூன்றாம் பதிப்பு, நாம் இட்டு வழங்கும் பெயர்களைத் தமிழெழுத்தில் எழுத இசைவு தந்தது. எனினும் ஏவற்சொற்கள் ஆங்கிலமாகவே நிற்கின்றன. எனவே அப்பிள்ளை நிரலின் ஏரண முறையைக் கற்பதற்கு முன்னரே அயன்மொழிச் சொல்லின் எழுத்துக்கூட்டலோடு போராட வேண்டியுள்ளது. போராடித் தோற்றால், "எனக்குக் கணக்கறிவு இல்லை" என்று தன்னையே நொந்துகொள்கின்றது. அறிவு குறையவில்லை, வாயில்தான் அடைபட்டது!

எழில் அவ்வாயிலைத் திறக்கின்றது. வெறுஞ்சொற்களைப் பெயர்த்து வைத்ததோடு அது நின்றுவிடவில்லை. ஆங்கிலத்தில் 'இப்படியாயின்' என்னும் பொருள்தரும் சொல் முதலில் வரும். நிலையைக் கூறும் தொடர் அதன் பின்னர் வரும். தமிழிலோ நிலையை முதலில் கூறி, 'ஆனால்' என்று பின்னர் முடிப்பதே இயல்பு. எழில் இவ்வியல்பைப் போற்றியுள்ளது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டமாகிய 120 அடியைக் கொண்டு ஒரு சிறு நிரலைக் காண்க:

நீர்மட்டம் = 118
@( நீர்மட்டம் >= 120 ) ஆனால்
பதிப்பி "அணை நிரம்பியது"
இல்லை
பதிப்பி "அணை நிரம்பவில்லை"
முடி

நிலையைச் சொல்லி 'ஆனால்' என்கிறோம். மாறாயின் 'இல்லை' என்கிறோம். இறுதியில் 'முடி' என்கிறோம். வரப்பில் நின்று நீர் பார்க்கும் உழவரும் இதனைப் படித்துப் பொருள் காண்பார். 'பதிப்பி' என்னும் வினை முதலில் நிற்பது தமிழ்த்தொடர் முறைக்கு மாறன்றோ எனச் சிலர் வினவலாம். மாறுதான். அதனைத் திருத்தும் உரிமையும் நமக்கே தரப்பட்டுள்ளது என்பதே இங்குக் கருதத்தக்கது.

ஏனெனில் எழில் ஒரு கட்டற்ற மென்பொருள். அதன் உரிமம் நான்கு உரிமைகளை வழங்குகின்றது: எதற்காகவும் இயக்கலாம், உள்ளே திறந்து பயிலலாம், படியெடுத்துப் பிறர்க்குத் தரலாம், மாற்றியமைத்து, மாற்றியதையும் வெளியிடலாம். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி மன்னர் முத்தம்பாள் பெயரால் எழுப்பிய சத்திரம், வழிப்போக்கர்க்கு விலையின்றிச் சோறிட்ட அறச்சாலை. கட்டற்ற மென்பொருளோ அதனினும் ஒருபடி மேல்: உண்ணச் சோறிடுவதோடு, அடுக்களையைத் திறந்து காட்டி, சமைக்கும் முறையைச் சொல்லி, 'நீயும் ஓர் அடுப்பு மூட்டு' என்று கொள்ளியையும் கையில் தருகின்றது. இதனைப் பெற்றும் அடுப்பு மூட்டாதவன் பசித்திருந்தால் பழி யாரைச் சாரும்?

நிறுவுவது அரிய செயலன்று. எழில் பைத்தானின் மேல் அமர்ந்து இயங்குவது. ஆதலின் முதலில் பைத்தானை நிறுவ வேண்டும். லினக்சு இயங்குதளங்கள் பெரும்பாலானவற்றில் அது முன்னரே இருக்கும். விண்டோசு உள்ள கணினியில் பைத்தானின் வலைத்தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். நிறுவும்பொழுது, அதன் இருப்பிட வழியைக் கணினியின் வழிப்பட்டியலில் சேர்க்குமாறு கேட்கும் கட்டத்தைத் தவறாமல் குறியிட வேண்டும். இல்லையேல் கட்டளையிட்டாலும் 'அப்படி ஒன்றும் இல்லை' என்றே கணினி விடையிறுக்கும். பின்னர்ப் பைத்தானின் துணைக்கருவியாகிய 'பிப்' வழியாக எழிலை வரவழைக்கலாம். நிரலை எழுதிய கோப்பை ஒருங்குறி முறையில் சேமிக்க வேண்டும். விண்டோசின் பழைய கட்டளைச் சாளரத்தில் கொம்பும் காலும் புள்ளியும் இடம்மாறிச் சிதைந்து தோன்றக்கூடும். அஃது எழிலின் குறையன்று. தமிழெழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாத சாளரத்தின் குறை. அதுகண்டு மருள வேண்டா.

"எழிலைக் கற்றால் வேலை கிடைக்குமா?" என்று வினவுவோர் உளர். வினா நேர்மையானதே. தொழிற்கூடங்கள் எழிலில் இயங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் நிரலாக்கம் பயில்வதற்கென்றே அது படைக்கப்பட்டது. ஆயினும் காவிரிப் படுகை மாந்தர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? நாற்றங்காலில் விளைச்சல் எடுப்பாரில்லை. நாற்றங்காலின்றி நடவு செய்வாருமில்லை. செழிப்பாக வளர்ந்த நாற்றைப் பறித்து எந்த வயலில் நட்டாலும் அது தூர் கட்டும். தாய்மொழியில் ஏரணம் வேரூன்றிய பிள்ளை, நாளை எம்மொழியின் நிரலையும் எளிதிற் கற்கும். மேலும் எழிலை நிறுவும் கணினியில் பைத்தானும் உடன் இருக்கின்றது. இன்று தமிழில் எழுதிப் பார்த்த ஏரணத்தை நாளை அதே கணினியில் பாடநூலின் மொழியில் எழுதிப் பார்க்கலாம். இழப்பதற்கு ஒன்றுமில்லை.

அரசின் பங்கையும் இங்கு நினைவூட்டுவோம். 2010-ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழக அரசு ஒருங்குறியைத் தமிழ்க் குறியேற்றத்திற்குரிய தரமாக ஏற்றது. 2011-ஆம் ஆண்டு செபுதம்பர் 15-இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அவற்றில் விண்டோசுடன் 'பாசு' என்னும் கட்டற்ற லினக்சு இயங்குதளமும் இடம்பெற்றது. எழுத்து வந்தது, கருவி வந்தது, கட்டற்ற தளமும் வந்தது. ஆனால் தமிழில் நிரல் எழுதும் பாடம் வரவில்லை! வாய்க்கால் வெட்டி, நீரும் விட்டபின், மடையைத் திறக்க மறந்த கதையன்றோ இது? பைத்தான் பாடத்திற்கு முன்படியாகச் சில வகுப்புகளேனும் தமிழ் நிரலாக்கத்திற்கு ஒதுக்குமாறு அரசை நாம் வலியுறுத்த வேண்டும்.

ஆனால் அரசு செய்யட்டும் என்று கைகட்டியிருப்பது தனித்தமிழ் இயக்கத்தின் வழியன்று. 1916-இல் மறைமலையடிகள் யாருடைய ஆணைக்கும் காத்திராமல் தம் எழுதுகோலிலிருந்தே தொடங்கினார். நாம் நம் விசைப்பலகையிலிருந்து தொடங்குவோம். கணினியறிந்த அன்பர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பள்ளி ஒன்றனை நாடி, தலைமையாசிரியரின் இசைவு பெற்று, எழிலை நிறுவித் தருக. நிறுவும் முறையைத் தெளிந்த தமிழில் எழுதி நூலகத்தில் வைத்திடுக. நிரலாக்கம் வல்லார், கணினி காட்டும் பிழைச்செய்திகளைத் தமிழாக்குக. குறை கண்டவிடத்துத் திருத்தி அனுப்புக.

கடைப்பெயர்ப் பலகையில் தமிழ் வேண்டும் என்று கேட்கிறோம். கோயிலில் வேண்டும், வழக்குமன்றத்தில் வேண்டும் என்று கேட்கிறோம். அவையெல்லாம் பிறர் தரவேண்டியவை. இதுவோ நம் கைக்கே வந்துவிட்ட உரிமை. கைக்கு வந்ததைப் பயன்கொள்ளாதவன் வராததற்குக் குரல் எழுப்பினால் எவர் மதிப்பர்? தமிழால் முடியும் என்பதை மேடையில் நிறுவியது போதும். இனிக் கணினியில் நிறுவுவோம்!