கம்பியைப் பொருத்துவது யார்?

நம் கழகத்தின் செயற்குழுவில் அலங்காரத்திற்கு ஒருவர், உணவுக்கு ஒருவர், அழைப்பிதழுக்கு ஒருவர் என்று பொறுப்பாளர்கள் உண்டு. ஒலிக்கு மட்டும் யாரும் இல்லை. மண்டபத்திற்கு முதலில் வந்து சேர்பவரே அன்றைய ஒலிப் பொறியாளர்! இந்த வழக்கம் மாறவேண்டும் என்பது என் கருத்து. காரணம், ஒரு காலத்தில் அப்படி முதலில் வந்து சேர்ந்தவன் நான்.

நான் இறுதியாண்டில் இருந்தபோது எங்கள் கலை இரவுக்கு ஒரே சேனல் கொண்ட ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் வாடகைக்கு எடுத்தோம். கொண்டுவந்தவர் முறையாகப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். மாலையில், பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். மின்னியல் படிக்கிறோம் என்ற தெம்பில், விடுதியிலிருந்து மேலும் இரண்டு ஸ்பீக்கர்களைத் தூக்கிவந்து அதே முனைகளில் சேர்த்துக் கட்டினேன்.

அரை மணி நேரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. முதலாமாண்டு மாணவி ஒருவர் தாம் எழுதிய கவிதையின் மூன்றாவது வரியை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒலி நின்றது. ஆம்ப்ளிஃபையரைத் தொட்டால் கை சுட்டது. அவர் ஒலிவாங்கியைத் தாழ்த்திவிட்டு வெறும் குரலில் தொடர்ந்தார். நான்காவது வரிசைக்கு அப்பால் எதுவும் கேட்கவில்லை. அவருடைய பெற்றோர் ஒன்பதாவது வரிசையில் அமர்ந்திருந்தார்கள்.

கணக்கு என்னவோ பள்ளிக் கணக்குதான். 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். நான்கைச் சேர்த்தால் 2 ஓம். தடை பாதியானால், அதே மின்னழுத்தத்தில் ஆம்ப்ளிஃபையர் தரவேண்டிய மின்னோட்டம் இருமடங்காகிறது. குறைந்தது 4 ஓம் தேவை என்று பெட்டியின் பின்புறத்தில் அச்சிட்டிருந்தது. ஓம் விதிக்குத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய நான் அதைப் படிக்கவில்லை.

‘ஒலிபெருக்கி’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு கருவிகளுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். பெருக்குவது ஒன்று, ஒலிப்பது இன்னொன்று. குழப்பம் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது என்றால் மொழிக் கழக நண்பர்கள் கோபிக்கக் கூடாது!

வாடகைக்குக் கொடுப்பவரே பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள் சிலர். அவர் போன பிறகு கைவைப்பது நாம்தானே? மின்சாரத்தை அணைக்காமல் கம்பியைத் திருகுகிறோம். கம்பியின் இழை ஒன்று பிரிந்து அடுத்த முனையைத் தொடுவதைக் கவனிப்பதில்லை. கித்தார் கம்பியை எடுத்து ஸ்பீக்கருக்குப் போடுகிறோம். அது அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 500 வாட் தரும் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு முனையில் 63 வோல்ட் வரை இருக்கும். வியர்த்த கைக்கு அது விளையாட்டல்ல. இரைச்சலைப் போக்குவதற்காக மூன்று முனைச் செருகியின் நில இணைப்பைத் துண்டிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது.

ஒலிக்கென்று ஒருவரை நியமியுங்கள். அவர் பக்கத்திலேயே முதலாமாண்டு மாணவர் ஒருவரையும் நிறுத்துங்கள். இல்லையென்றால் பட்டமளிப்போடு அந்த அறிவும் போய்விடும். ஆம்ப்ளிஃபையரைக் கடைசியாகப் போடவேண்டும், முதலில் அணைக்கவேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு நிமிடம் போதும். மற்றவற்றுக்கு ஒரு மாலை.

தம்பி தங்கைகள் அழைத்தால் ஏதாவதொரு சனிக்கிழமை நான் வரத் தயார். விடுதியிலிருந்து தூக்கிவந்த அந்த இரண்டு ஸ்பீக்கர்களும் இன்னும் என் வீட்டில்தான் இருக்கின்றன.