பிடியரிசிக் கணக்கு

கடந்த மழைக்காலத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றின் புதிய தொடக்கப்பள்ளிக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இதைப் படிக்கும் நண்பர்களில் ஓரிருவர் அந்தப் பள்ளியின் கோப்பில் கையெழுத்துப் போட்டவர்களாகவே இருக்கலாம். இரண்டு வகுப்பறைகள், முன்னால் தாழ்வாரம், சுவரில் யானையும் உயிரெழுத்தும். திறப்பு விழாக் கல்வெட்டில் பதினோரு பெயர்கள். ஆசிரியர் மட்டும் அன்றைக்கு இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் வருபவராம். வாரத்துக்கு மூன்று நாள் வருவார் என்றார் ஊர்க்காரர் ஒருவர். "பஸ் வந்தா" என்று திண்ணையிலிருந்த பாட்டி திருத்தினார். பணியிட ஒப்பளிப்பு ஆணை இன்னும் வரவில்லை. கட்டடம் ஒரு துறையின் பணத்தில் எழும்பிவிட்டது. ஆசிரியர் வேறொரு துறையின் கோப்பில் உட்கார்ந்திருக்கிறார்.

புதிய அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றைத் திட்டமிடும்போது நாம் அநேகமாகச் சுவரிலிருந்துதான் தொடங்குகிறோம். அதற்குக் காரணமும் உண்டு. சுவருக்குப் பணம் கிடைக்கும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. ஊரக வளர்ச்சித் துறையின் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டம் இருக்கிறது. 2022-23 நிதிநிலை அறிக்கையில் ஐந்தாண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் திட்டம் இருக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்து இரண்டு அறைகளைக் கட்டிவிடுவது, சுறுசுறுப்பான ஓர் ஒன்றியப் பொறியாளருக்குப் பெரிய காரியமில்லை.

கட்டிய பிறகுதான் செலவு தொடங்குகிறது. இன்றைய மதிப்பீட்டில் இரண்டு வகுப்பறைக் கட்டடம் ஏறத்தாழ 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 குழந்தைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். அகவிலைப்படி சேர்ந்தால் முதல் மாதத்திலேயே 30 ஆயிரத்தைத் தாண்டிவிடும். புதிதாகச் சேர்ந்த இருவருக்கே ஆண்டுக்கு ஏழெட்டு லட்சம் வேண்டும். தலைமையாசிரியர் பணியிடம் என்றால் இன்னும் கூடும். நான்கு ஆண்டுச் சம்பளம் கட்டடத்தின் விலையை எட்டிப்பிடித்துவிடுகிறது. கட்டடமோ ஒழுங்காகப் பராமரித்தால் நாற்பது ஆண்டு நிற்கும். மின்கட்டணம், தூய்மைப் பணியாளர், அடைத்துக்கொண்ட கழிவறைக் குழாய், ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெள்ளையடிப்பு ஆகியவை இந்தக் கணக்கில் வரவே இல்லை. நம் கருத்துருக்களில் இந்தத் தொகைக்கு ஒரு பத்தியாவது இருக்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை.

நம் ஊரிலேயே இதை வேறு விதமாகச் செய்தவர்கள் உண்டு. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையை அந்த ஊர்க்காரர்கள் பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்பார்கள். காமராசர் படித்த பள்ளி அது. சமைக்க அரிசி எடுக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி தனியே போட்டுவைத்து அந்த அரிசியில் பள்ளியை நடத்தினார்கள். வணிகர்களின் மகமையும் துணைக்கு வந்தது. இதைத் தியாகக் கதையாகச் சொல்லியே பழகிவிட்டோம். எனக்கென்னவோ இதில் நிதித் திட்டமிடலின் பாடம் ஒன்று தெரிகிறது: பிடியரிசி அன்றாடம் வருவது, பள்ளியின் செலவும் அன்றாடம் வருவது. வரவின் தன்மையும் செலவின் தன்மையும் பொருந்தியிருந்தன. பிற்பாடு 1958இல் கடம்பத்தூரில் தொடங்கி, பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் குவிந்தன. அது பெரிய காரியம்தான். ஆனால் அங்கே ஊர் கொடுத்தது பொருள். சம்பளப் பொறுப்பு அரசிடமே இருந்தது. அந்த வேலைப் பிரிவினை தெளிவாக இருந்ததால்தான் அது நடந்தது. இன்றைக்கு அது குழம்பிக் கிடக்கிறது.

குழப்பத்தின் வேர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி என்று பலகையில் எழுதியிருக்கிறோம். 1981 ஜூன் 1 முதல் அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். கட்டடமும் நிலமும் ஒன்றியத்தின் பொறுப்பிலேயே தங்கிவிட்டன. ஆசிரியருக்கு வட்டாரக் கல்வி அலுவலர், கூரைக்கு வட்டார வளர்ச்சி அலுவலர், மதியச் சோற்றுக்குச் சமூக நலம். கூரை ஒழுகினால் தலைமையாசிரியர் யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் மூவருக்கும் எழுதுகிறார். ஏற்கெனவே நடக்கும் பள்ளி இதை எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. புதிய பள்ளிக்கு அந்த வசதி இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுத்திருக்கிறது. பிறக்காத பள்ளிக்கு ஏது மேலாண்மைக் குழு? ஆகவே அதன் முதல் திட்டம் யாருடைய வேலையும் இல்லாமல் போகிறது.

இனி தலையெண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டு விதிகளின்படி 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். தூரத்தை அளந்துவிட்டு மனுவை ஏற்றுக்கொள்வது எளிது. குழந்தைகளை எண்ணுவதில்தான் ஏமாந்துபோகிறோம். 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 13.8. ஆயிரம் பேர் வாழும் குடியிருப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 குழந்தைகள் பிறக்கும், ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து 70 பேர். காலையில் வரும் தனியார் பள்ளியின் மஞ்சள் வேனில் பாதிப் பேர் ஏறிவிட்டால் மீதி 35. முந்நூறு பேர் வாழும் குக்கிராமத்தில் இதே கணக்கு பத்துக் குழந்தைகளில் வந்து நிற்கும். மலைக் குடியிருப்புகளில் பிறப்பு கூடுதலாக இருக்கலாம். சென்னையின் புறநகரில் வாடகைக்குக் குடியேறியவர்களால் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாநிலச் சராசரியை நம்பிக் கருத்துரு எழுதக் கூடாது. அங்கன்வாடிப் பதிவேட்டையும் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்று இரண்டு வயதில் இருக்கும் குழந்தைதான் கட்டடம் முடியும்போது முதல் வகுப்புக்கு வரப்போகிறது. மனு கொடுக்கும்போது ஊரில் இருக்கிற எட்டு வயதுப் பிள்ளை அதற்குள் ஆறாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

பத்துக் குழந்தைகள்தான் வரப்போகிறார்கள் என்றால் பள்ளியே வேண்டாமா? இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்களும் சரியாக இருக்கக்கூடும். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் பள்ளியில்லாத குடியிருப்புக் குழந்தைகளின் போக்குவரத்துக்கு, ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை இடமிருக்கிறது. பத்துக் குழந்தைகளுக்கு 60 ஆயிரம். இரண்டு ஆசிரியர்களின் இரண்டு மாதச் சம்பளத்தைவிடக் குறைவு. சாலையும் நம்பகமான ஓட்டுநரும் இருக்கிற சமவெளியில் இதுவே நல்ல ஏற்பாடு என்று நான் நினைக்கிறேன். ஓடை பெருகினால் வழி அடைபட்டுப்போகும் ஊரிலும் யானை நடமாடும் காட்டுப் பாதையிலும் ஆறு வயதுக் குழந்தையை ஜீப்பில் ஏற்றி அனுப்புவது திட்டமிடல் ஆகாது. அங்கே பத்துப் பேருக்கும் பள்ளி வேண்டும். அதைச் செலவுக் கணக்கில் மறைக்காமல், கூடுதலாகவே செலவாகும் என்று எழுதித்தான் கேட்க வேண்டும்.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இதில் நம்மில் பலர் பட்டுத் தெளிந்தவர்கள். ஊர் காட்டும் இடம் பெரும்பாலும் ஏரிக்கரையோ மேய்க்காலோ ஆகத்தான் இருக்கும். அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்க்காமல் மண் பரிசோதனைக்குக்கூடப் போகாதீர்கள். மனையிடப் பிரிவுகளில் திறந்தவெளி ஒதுக்கீடாகக் கிடைக்கும் 10 விழுக்காட்டு நிலம் பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் உரியது, பள்ளிக்கு எழுதிக்கொள்ள முடியாது. தானமாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்: மதுரை யா. கொடிக்குளத்தில் வங்கி ஊழியரான ஒரு பெண்மணி, மறைந்த தம் மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை 2024இல் அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். அப்படிக் கிடைத்தால், நன்றி சொல்லிவிட்டு அதே வாரத்தில் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். வாரிசுகள் எல்லோரும் கொடுத்தவர் மனத்தோடு இருப்பதில்லை.

வரைபடத்தில் வகுப்பறைக்கு வெளியே இருப்பவற்றைப் பார்ப்போம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். சமையலறை நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியது. 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஓரிடத்தில் சமையலறை, இன்னோரிடத்தில் கழிவறை. இரண்டுமே நம் கோப்புகளில் 'இதர பணிகள்' என்ற தலைப்பின் கீழ் ஒதுங்குபவை. வகுப்பறை ஒரு நிதியில் வரும். சமையற்கூடமும் சுற்றுச்சுவரும் நூறுநாள் வேலையின் பொருட்கூறில், கழிவறையும் குடிநீரும் நிதிக்குழு மானியத்தில் என்று ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோகும். ஒப்பந்தக்காரர்கள் வேறு, மேற்பார்வை வேறு, முடியும் மாதம் வேறு. வகுப்பறை மட்டும் முடிந்ததும் திறப்பு விழா நடத்திவிடுகிறோம். பிறகு ஓராண்டு காலம் வெட்டவெளி அடுப்பில் முட்டை வேகிறது, பெண் குழந்தைகள் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறார்கள். இது என் கடுமையான கருத்தாகவே இருக்கட்டும்: கழிவறையில் தண்ணீர் வராத பள்ளியைத் திறக்கக் கையெழுத்துப் போடும் அலுவலர் தவறு செய்கிறார்.

தொடர்செலவுக்கு ஒன்றிய அரசின் பணத்தை நம்பியிருப்பது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதையும் சமீபத்தில் பார்த்தோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு நிதிப் பொறுப்பு இரு அரசுகளுக்கும் சேர்ந்தது என்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் பங்கு 60:40. 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாய், பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை ஒட்டி நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பதில் இந்த இதழின் வாசகர்களுக்கு ஒரே கருத்து இருக்க வேண்டியதில்லை. ஆண்டுத் திட்டத்தில் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்பதற்காகப் புதிய பள்ளியின் ஆசிரியர் ஊதியத்தை அந்தத் தலைப்பில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பது மட்டும் தெளிவு.

அப்படியானால் பணியிடம் எங்கிருந்து வரும்? நிதித்துறையிடம் புதிய பணியிடம் கேட்டுக் காத்திருப்பது ஒரு வழி. இன்னொன்று நம் கையிலேயே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியாளர் நிர்ணயம் செய்கிறோம். குழந்தைகள் குறைந்த பள்ளிகளில் உபரிப் பணியிடங்கள் தெரியவருகின்றன. அந்த உபரி ஆசிரியரை மாற்றுப்பணியில் அனுப்பிவைத்தால் அவர் மனம் பழைய பள்ளியிலேயே இருக்கும், வருகைப் பதிவேடும் அங்கேயே இருக்கும். பணியிடத்தையே நிரந்தரமாகப் புதிய பள்ளிக்கு மாற்றும் ஆணையை, கட்டடத்துக்கான நிர்வாக அனுமதி வாங்குவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். ஒரு பணியிடம் போதாது, இரண்டும் வேண்டும். காலிப் பணியிடம் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் இல்லையென்றாலே அது 50 விழுக்காடு.

அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான கருத்துருக்கள் தயாராகிக்கொண்டிருக்கும் நேரம் இது. புதிய பள்ளி கேட்டு எழுதும் நண்பர்கள், கட்டட மதிப்பீட்டுக்கு முன்னால் ஒரு தாளைச் சேர்த்து அனுப்புங்கள்: பணியிடம் எந்தப் பள்ளியிலிருந்து வருகிறது, அடுத்த ஆறு ஆண்டுகளில் முதல் வகுப்புக்கு எத்தனை குழந்தைகள், மின்கட்டணத்தை யார் கட்டுவார். அந்தத் தாளின் நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்பினால், ஊர்ப் பெயரை நீக்கிவிட்டு வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.