பழைய கம்ப்யூட்டரைக் கழிப்பதற்கு முன்

பெங்களூரில் அல்சூரை அடுத்த ஜோகுபாளையம் போன்ற இடங்களிலுள்ள சிறு பள்ளிகளுக்குப் புதிய கம்ப்யூட்டர் வாங்குதல் எளிதன்று. ஆயினும், "யந்திரம் மெதுவாக இயங்குகிறது" என்ற ஒரே காரணத்தால் அதனை முழுவதும் கழித்துவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. இது சிக்கனமாகாது.

தாமதம் பெரும்பாலும் ஹார்டு டிஸ்கினால் விளைவது. நிமிஷத்திற்கு 7,200 முறை சுழலும் காந்தத் தட்டில், வேண்டிய இடம் படிக்கும் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக 4 மில்லி செகண்டு ஆகும். முனை நகரும் நேரம் வேறு. எஸ்.எஸ்.டி. என்னும் சாதனத்திலோ சுழலும் உறுப்பு ஏதுமில்லை. சிலிக்கன் சில்லுகளிலிருந்து விவரம் ஏறக்குறைய 0.1 மில்லி செகண்டில் கிடைக்கிறது. ஸாட்டா இணைப்புடைய பழைய யந்திரங்களுக்கு 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. பொருந்தும். பெங்களூர் எஸ்.பி. சாலைக் கடைகளில் இது கிடைக்கும்.

எனினும், மாற்றுவதற்கு முன் மதிப்பெண் பட்டியல்களையும் கள அளவீடுகளையும் வேறோரிடத்தில் பிரதி செய்தல் அவசியம். எஸ்.எஸ்.டி.யும் பழுதடையக் கூடியதே; ஆதலால் பிரதி எடுக்கும் வழக்கம் பின்னரும் தொடர வேண்டும். மாணவர் விவரங்கள் பதிந்த பழைய தட்டை அழிக்காமல் பிறரிடம் கொடுத்தலாகாது.

வேகம் வேறு, பாதுகாப்பு வேறு. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்காத யந்திரங்களில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவலாம்.

ஓர் உறுப்பின் குறைக்காக யந்திரம் முழுவதையும் தள்ளாமல், குறையை ஆராய்ந்து நீக்குவதே விஞ்ஞான நோக்கு. மாணவர்க்கு அதனைச் செய்து காட்டுதல் சிறந்த பாடமுமாகும்.