புறாத்தீவுக்கு நான் இன்னும் போகவில்லை

எங்கள் இறக்கக்கண்டிக் கடற்கரையில் நின்று பார்த்தால் புறாத்தீவு தெரியும். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான். 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்ட அந்தத் தீவின் பவளப்பாறைகளையும் மீன்களையும் பார்ப்பதற்காகக் கடல் கடந்து வருகிறார்கள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் இரவு பஸ் பிடித்து வருகிறார்கள். பதினேழு வருடங்களாக இந்தக் கரையிலேயே வாழும் நான் இன்னும் அங்கே போகவில்லை. வகுப்புத் தோழிகளிடம் விசாரித்தேன். போனவர்களை எண்ண ஒரு கை விரல்களே போதுமாக இருந்தன. என் நானாவோ எத்தனை தடவை போனார் என்று அவருக்கே ஞாபகமில்லை.

சென்ற தவணை விடுமுறையில் பாலத்தடிக் கடைக்கு மாமாவின் மகனோடு போயிருந்தேன். வெளிநாட்டுக் குடும்பமொன்று வந்து, தீவுக்குப் போக எந்த நேரம் நல்லது என்று ஆங்கிலத்தில் கேட்டது. எனக்கு ஆங்கிலம் தெரிந்தது, பதில்தான் தெரியவில்லை. பத்து வயது மச்சான், தனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொற்களை வைத்து, "விடியப் போங்கள், தண்ணீர் தெளிவாக இருக்கும், காற்று எழும்ப முன்னர் திரும்பிவிடுங்கள்" என்று சொல்லி முடித்துவிட்டான். புவியியல் பாடத்தில் பவளப்பாறை பற்றி இரண்டு பக்கம் எழுதக்கூடிய எனக்கு அன்று மிகுந்த வெட்கமாக இருந்தது.

இதற்காக என் வீட்டாரைக் குறை கூற நான் பேனா எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் பயணம் என்பது மகிழ்ச்சியான சொல்லாக இருந்ததேயில்லை. உம்மா மூதூரில் பிறந்தவர். 2006 ஆகஸ்ட்டில் அங்கே சண்டை மூண்டபோது, கைக்குழந்தையாக இருந்த நானாவை இடுப்பில் சுமந்துகொண்டு, ஊர்மக்களோடு சேர்ந்து கந்தளாய்க்குப் புறப்பட்டவர். அவர் வாழ்க்கையில் போன நீண்ட பயணம் அதுதான். வாப்பா கட்டாருக்குப் போனார். ஊர் பார்க்க அல்ல, எங்களுக்குச் சோறு தேட. மூத்தம்மா 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடற்கரைப் பக்கம் காலடி வைத்ததில்லை. ஆகவே, "சுற்றிப் பார்க்கப் போகட்டுமா?" என்று நான் கேட்கும்போது, சுற்றிப் பார்ப்பது என்ற சொல் அவர்கள் காதில் விழுவதில்லை. போவது என்ற சொல் மட்டுமே விழுகிறது.

இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அதே வீட்டில், அதே துன்பங்களைக் கேட்டு வளர்ந்த நானாவைக் கடலுக்குப் போகவிடும் பயம், என்னை மட்டும் ஏன் வாசலில் மறிக்கிறது?

பயணி என்றதும் நமக்கெல்லாம் இப்னு பதூதாவின் பெயர் ஞாபகத்துக்கு வரும். மொரோக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து 1325இல், இருபத்தொரு வயதில், ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டவர் அவர். 1344இல் நமது நாட்டுக்கும் வந்தார். புத்தளக் கரையில் இறங்கி, ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவா ஆதம் மலையில் ஏறினார். தெவிநுவர, காலி, கொழும்பு ஆகிய ஊர்களையும் பார்த்தார். அவருடைய பயண நூலில் அரசர்களும் இரத்தினங்களும் மட்டும் இடம்பெறவில்லை. மலைவழியில் அட்டை ஒட்டிக்கொண்டால் எலுமிச்சம்பழச் சாறு பிழியுங்கள், விழுந்துவிடும் என்ற செய்தியும் இருக்கிறது. எழுநூறு வருடங்களுக்குக் கிட்டிய பின்னரும் பயன்படும் புத்திமதி அது. கண்ணால் கண்டவர் எழுதியதால்தான் அது நிலைத்திருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இருபத்துநான்கு வருடங்களின் பின் அவர் ஊர் திரும்பியபோது அவருடைய தாய் உயிரோடு இல்லை. பிள்ளையை வழியனுப்பும் பெற்றோர் எதை அஞ்சுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. நான் இருபத்துநான்கு வருடங்கள் கேட்கவில்லை. ஒரு நாள்தான் கேட்கிறேன்; மஃரிபுக்கு முன் வீடு திரும்பும் ஒரு நாள்.

பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் மனிதரை அழைக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகும் ஒவ்வொருவரும் ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே நடப்பது, தாகத்தில் தவித்த குழந்தைக்காக ஓடிய அன்னை ஹாஜரின் பாதையில்தான். ஒரு பெண்ணின் காலடிகளை உலகமே பின்தொடரச் செய்த மார்க்கம் நமது மார்க்கம். மஹ்ரமோடும் மார்க்க ஒழுக்கத்தோடும் போவதற்கு எங்களில் யாருக்கும் மறுப்பு இல்லை. உண்மையில் என் யோசனையே அதுதான்: எங்களை மட்டும் அனுப்ப வேண்டாம், நீங்களும் வாருங்கள். தவணைக்கு ஒரு தடவை, மகளும் தாயும் தந்தையும் சேர்ந்து, நமது மாவட்டத்துக்குள்ளேயே ஓரிடம் பார்த்து வரலாம். பெரிய செலவு இல்லை. காலையில் கட்டும் சோற்றுப் பொதியும் பஸ் காசும் போதும்.

முதலில் கன்னியாவுக்குப் போகலாம். அருகருகே உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு வேறு வேறாக இருக்கும். மாற்றுடுப்பு கொண்டுபோக மறக்க வேண்டாம். திருகோணமலை நகரில் பிரட்ரிக் கோட்டையைப் பார்க்கலாம். 1624இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்துக் கட்டிய கோட்டை அது. பின்னர் ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று கைமாறியது. உள்ளே மான்கள் பயமில்லாமல் திரியும். பொலித்தீன் பைகளை அவற்றின் வாய்க்கு எட்டும் இடத்தில் போடாதீர்கள். கோயிலடிக்குப் போகிறவர்கள் பிறர் வழிபாட்டை மதித்து அமைதியாக நடக்க வேண்டும்.

அடுத்தது என் உம்மாவின் ஊர்ப் பக்கம். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை, அந்தத் துறையைப் பாதையில் ஏறித்தான் கடந்தோம் என்று உம்மா சொல்வார். பாலத்தைத் தாண்டி மூதூர் போனால் கொட்டியாரக் குடா. ஆங்கிலேய மாலுமியான றொபேட் நொக்ஸ் 1660இல் சிறைபிடிக்கப்பட்டது அங்கேதான். ஏறத்தாழ இருபது வருடங்கள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து, தப்பியோடி, 1681இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டார். விரும்பாமல் வந்தவர் கூட நமது மண்ணை உற்றுப்பார்த்து எழுதியிருக்கிறார். வடக்கே புல்மோட்டைப் பக்கம் போனால் அரிசிமலைக் கரை இருக்கிறது. அங்கே மணல், பெயருக்கேற்ப அரிசி போலவே இருக்கும்.

புறாத்தீவை இறுதிக்கு வைத்திருக்கிறேன். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை போவதே நல்லது. உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். பவளப்பாறையில் மிதிக்காதீர்கள், அது கல் அல்ல, உயிர். ஒரு துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். இவையெல்லாம் நான் கேட்டும் வாசித்தும் அறிந்தவை. கண்டு எழுத இன்னும் கொடுத்து வைக்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூதூர் பற்றிய பகுதி வந்ததும் தையலை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு, "அந்த ரோட்டால ஒருக்காச் சும்மா போய்ப் பார்க்கணும் மகள், ஓடாம, நடந்து" என்றார். மூத்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் படகுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று நானாவிடம் விசாரித்ததை நான் கேட்டேன்.

பெற்றோரே, உங்கள் மகளிடமும் இன்றிரவு ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த இடத்தைப் பார்க்க உனக்கு ஆசை?" அவள் சொல்லும் இடம் பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும். இன்ஷா அல்லாஹ், அடுத்த வருட இதழில் புறாத்தீவைப் பற்றி, கண்டவளாக எழுதுவேன்.