அரிவாள் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

மக்களே, போன விடுமுறையில் வரப்போரச் சீமைக்கருவேலத்தை வெட்டலாம் என்று டவுன் கடையில் பளபளவென்று ஒரு அரிவாள் வாங்கினேன். "துருவே பிடிக்காது தம்பி" என்றார் கடைக்காரர். சத்தியமான வார்த்தை, துருப்பிடிக்கவில்லை. மூன்றாவது மரத்தில் வாய் மடங்கியது. ஐந்தாவது மரத்தில் பிடி கழன்று, அலகு பறந்துபோய் என் தம்பி காலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

துருப்பிடிக்காதது வேறு, உழைப்பது வேறு!

கொல்லுப்பட்டறை அரிவாள் என்றாலே "ரவுடியாடா நீ?" என்று சிரிக்கிறார்கள் நண்பர்கள். எல்லாம் சினிமா செய்த வேலை. சிவகங்கை மாவட்டத் திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிப்பது விவசாயிக்கும்தான் ஐயா!

பட்டறையில் எடுப்பது பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. பாரம் தாங்கி வளைந்து நிமிரவே செய்த எஃகு. கார்பன் சுமார் 0.6 சதவீதம். பழுக்கக் காய்ச்சி, வாயை மட்டும் தோய்த்தால் வாய் இறுகும், முதுகு அடி தாங்கும். துருவா? வெட்டி முடித்ததும் துடைத்து எண்ணெய் தடவுங்கள், போதும்.

வாங்கும்போது முதுகின் கனத்தைப் பாருங்கள். காம்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது, பூண் இறுக்கமா என்று கேளுங்கள். பளபளப்பைக் கேட்காதீர்கள். மரம் வெட்டத்தானே வாங்குகிறோம், முகம் பார்க்கவா?